இரண்டாம் இரவுக்கும் அறை கேளுங்கள்: வட கொழும்பில் ஒரு மடத்து விருந்தினர் இல்லம்

கன்னியர் மடத்தில் புதிதாகச் சேர்ந்த மகளைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வருகின்ற பெற்றோர், அந்த ஒரு பிற்பகலுக்காக எங்கே தங்குவது என்று யோசித்தபடியேதான் பயணத்துக்கு ஆயத்தமாகிறார்கள். நானும் மனைவியும் இதுவரை இரண்டு தடவைகள் வந்துவிட்டோம். முதல் தடவை வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினோம். இரண்டாம் தடவை, மகள் பயிற்சி பெறுகின்ற மடத்தின் வளவுக்குள்ளேயே இருக்கும் விருந்தினர் இல்லத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். இந்த மதிப்புரை அந்த இல்லத்தைப் பற்றியது. மடத்தின் பெயரை நான் எழுதவில்லை. இது விளம்பரத்தை நாடுகின்ற விடுதியன்று. பிள்ளை நவசந்நியாசத்தில், அதாவது துறவறத்துக்கான தொடக்கப் பயிற்சிக் காலத்தில், சேரும்போது மடத்தினரே பெற்றோரிடம் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அறை கேட்கும்போது பெரும்பாலான பெற்றோர் சந்திப்புக்கு முந்திய இரவுக்கு மட்டுமே கேட்கிறார்கள். பயணக் களைப்பு ஆறட்டும், குளித்து உடுத்திக்கொண்டு பிள்ளையின் முன் போய் நிற்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். தொலைபேசியை எடுத்த அருட்சகோதரி, “மாஸ்டர், ஞாயிறு இரவும் நில்லுங்கோ, திங்கள் வெளிக்கிடலாம்” என்று சொன்னபோது, வீண் செலவு என்று மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன். அவர் சொன்னதன் பொருள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இரண்டு இரும்புக் கட்டில்கள், வெளுத்து மடித்த விரிப்புகள், நுளம்பு வலை, கூரையில் மின்விசிறி, சுவரில் ஒரு சிலுவை, மேசையில் மண்கூசாவில் தண்ணீர். குளிரூட்டி கிடையாது. குளியலறை அறையோடு சேர்ந்ததன்று, ஆனால் துப்புரவானது. இரவுப் பேருந்தில் வந்து புறக்கோட்டையில் இறங்கி, ஓட்டோ பிடித்து அதிகாலை ஐந்து மணிக்கு முன்னரே வந்து சேர்ந்த எங்களை, கேற் திறக்கும் நேரம் ஆறு மணி என்றிருந்தபோதும், காவலாளி வெளியே நிற்கவிடாமல் உள்ளே விறாந்தையில் இருத்தினார். அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்; பைகளையும் திறந்து காட்டச் சொன்னார். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை நினைத்தால், இங்கே ஒரு கத்தோலிக்க மடத்தின் வாசலில் பை பார்ப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

மேசைக்கு மேலே சட்டமிட்ட ஒரு படம் மாட்டப்பட்டிருந்தது. வயது முதிர்ந்த ஆணும் பெண்ணும். யாரென்று மனைவிதான் சொன்னாள். சிறுமலர் என்று அழைக்கப்படும் புனித தெரேசாளின் பெற்றோர், லூயி மார்ட்டினும் செலி மார்ட்டினும். தந்தை கடிகாரம் செய்கிறவர். தாய் பின்னல்வேலை செய்வித்து விற்றவர். உயிரோடு வளர்ந்த ஐந்து பெண்பிள்ளைகளும் துறவறம் பூண்டார்கள். தாய் 1877ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டதால், பிள்ளைகளுள் சிலரை மடத்துக்கு அனுப்பிவைக்க இருந்தது தந்தை மட்டுந்தான். கடைசி மகளான தெரேசாள் 1888ஆம் ஆண்டில் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவளுக்கு வயது 15. அந்தத் தம்பதியரை 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒன்றாகவே புனிதர்களாக அறிவித்தார்கள். பெற்றோர் தங்குகின்ற அறையில் வேறெந்தப் படமும் இதைப் போலப் பொருந்தியிருக்காது. நான் சைவன், மனைவி பாசையூரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அந்தப் படத்தில் இருந்த மனிதரின் முகத்தை நான் அந்த இரண்டு நாட்களிலும் பல முறை பார்த்துக்கொண்டேன்.

உணவு எளிமையானது, சூடானது, நேரத்துக்கு வருவது. காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும், மதியம் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், மீன்குழம்பு, மாலையில் பனங்கட்டியோடு தேநீர், இரவில் பாண். நான் மரக்கறி உணவுக்காரன் என்று முதல் நாள் ஒரு முறை சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் கேட்காமலே எனக்குத் தனிக் கோப்பையில் கத்தரிக்காயோ பூசணியோ வந்தது. சமையலறை அகப்பைகூட வேறு என்று பரிமாறிய பெண் சொன்னபோது மனம் நிறைந்தது.

இனிச் சந்திப்பு அறை. மடத்தினர் இதனை ‘பார்லர்’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, மகளைக் கம்பி அழிக்கு அப்பால் வைத்துத்தான் காட்டுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் உள்ளூரப் பயந்திருந்தேன். கார்மேல் சபை போன்ற, வெளியே வராமல் செபத்திலேயே வாழ்கின்ற சபைகளின் மடங்களில் அத்தகைய அழிகள் உண்டு. பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுகின்ற சபைகளின் வழக்கம் அதுவன்று. இங்கே இருந்தது ஒரு நீண்ட மண்டபம், பிரம்புக் கதிரைகள், யன்னல் திரைகள், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. மகள் வெள்ளை முக்காட்டோடு வந்து என் முன் நின்று, “அப்பா, மெலிஞ்சு போனீங்கள்” என்றாள். அவளைப் பார்த்து நான் சொல்லவென்று நினைத்து வைத்திருந்த வசனமும் அதுவேதான்.

இந்த அறையில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரே நேரத்தில் நான்கு குடும்பங்கள் இருந்தன. கதிரைகளுக்கிடையே சிறிய இடைவெளிதான். பக்கத்துத் தாய் அழும்போது எங்களுடைய பேச்சு நின்றுவிடுகிறது; நாங்கள் சிரித்தால் அவர்களுக்குச் சங்கடமாகிறது. வெளியே வளவில் மாமரத்தின் கீழ் இரண்டு வாங்கில்கள் சும்மா கிடக்கின்றன. மழையில்லாத நாட்களில் அவற்றையும் பெற்றோருக்குத் திறந்துவிட்டால் என்ன என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். பிள்ளைகளின் மேலான அக்கறையால்தான் அப்படி ஒரே இடத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஆயினும் அவர் அதை மறைக்காமல் சொன்னதை மதிக்கிறேன்.

அதே பொறுப்பாளர், எங்களுடைய இன்னொரு கேள்விக்குத் தந்த பதில்தான் இந்த இல்லத்தின் சேவைகளுள் மிகப் பயனுள்ளது என்று சொல்வேன். வருகின்ற மாதம் மனைவியின் தம்பி மகளுக்குக் கலியாணம். இவளை மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டோம். முடியாது என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு அமர்ந்து காரணத்தை விளக்கினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி நவசந்நியாசம் குறைந்தது 12 மாதங்கள் நீடிக்க வேண்டும். அதுவும் அதற்கென்று குறிக்கப்பட்ட இல்லத்திலேயே கழிய வேண்டும். 15 நாட்களுக்கு மேல் இல்லத்தை விட்டு வெளியே இருந்தால் அந்த நாட்களைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும். தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ மூன்று மாதங்களுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அந்த நவசந்நியாசமே செல்லாததாகிவிடும். ஆகவே ஒரு கலியாணத்துக்காக இங்கே நாட்களைக் குறைப்பது, நாங்கள் நினைத்ததுபோல் பாடசாலையில் விடுமுறை கேட்பதைப் போன்றதன்று.

கணிதம் படிப்பித்தவனாகையால் நான் மீதியையும் கேட்டுக் கணக்கிட்டுக்கொண்டேன். நவசந்நியாசம் பொதுவாக இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதன் முடிவில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வாக்குறுதிகளைக் கொடுக்கின்ற முதல் வார்த்தைப்பாடு; அது மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஆறாண்டுக்கு மேற்படாமலும் ஒரு காலத்துக்கு மட்டும் கட்டுப்படுத்துவது; வேண்டுமானால் ஒன்பது ஆண்டுகள்வரை நீட்டலாம். அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நவசந்நியாசத்தில் இருக்கின்ற எந்தப் பிள்ளையும் எந்த நாளிலும் தன் விருப்பப்படி வீடு திரும்பலாம், யாரும் மறிக்க முடியாது என்பதையும் சட்டமே சொல்கிறது என்று அவர் சேர்த்துச் சொன்னார். மனைவிக்கு அது ஆறுதலாக இருந்ததா, அல்லது வேறு ஏதோ நம்பிக்கையைத் தூண்டிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவள் எங்கேயும் திரும்பி வரப்போவதில்லை என்பது அந்த இருப்பிலேயே எனக்குத் தெரிந்தது.

கொண்டுபோகும் பொருட்களைப் பற்றி ஒரு குறிப்பு. கைத்தொலைபேசி, பணம், நகை எதையும் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது. உணவுப் பண்டம் கொடுக்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். மனைவி ஆவணி மாதத்துப் பனம்பழத்தைப் பிழிந்து, மகளுக்குப் பிடிக்குமென்று பனங்காய்ப் பணியாரம் சுட்டு ஒரு டின் நிறையக் கொண்டுவந்திருந்தாள். தேநீர் வேளையில் அது ஒரு தட்டில் மேசைக்கு வந்தது. பதினொரு நவகன்னியரும் எடுத்தார்கள். எங்கள் மகள் கடைசியாக ஒன்றை எடுத்தாள். சிலாபத்துப் பிள்ளையொருத்தி இதென்ன என்று சிங்களத்தில் கேட்க, எங்கள் மகள் பனம்பழத்தைப் பற்றிச் சிங்களத்திலேயே விளக்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதங்களில் அவளுக்கு அந்த மொழி அவ்வளவு வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. மகள் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை முடிக்கவில்லை. தோட்டத்தில் தான் நட்ட வெண்டியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், மணி கேட்டதும் எழுந்து, தாயின் கையைப் பிடித்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். நவகன்னியர் எல்லோரும் அப்படித்தான் எழுந்தார்கள். ஒரு நிமிடத்தில் அந்த மண்டபத்தில் பெற்றோர் மட்டுமே மிஞ்சினோம்.

முதல் தடவை, இந்த நிமிடத்துக்குப் பிறகு நாங்கள் ஓட்டோ ஏறி வெள்ளவத்தைக்குப் போனோம். உறவினர் நல்லவர்கள், எங்களுக்காகச் சமைத்துக் காத்திருந்தார்கள். ஆனால் வாசலிலேயே கேள்விகள் தொடங்கிவிட்டன. பிள்ளை சுகமாக இருக்கிறாளா, அழுதாளா, ஒரே பிள்ளையை எப்படி விட்டீங்கள், நீங்கள் சைவமல்லவா, ஒரு சொல் மறித்திருக்கலாமே. அன்பினால் கேட்கப்பட்டவைதான். ஆனால் அந்த நேரத்தில் பதில் சொல்வதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மனைவி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் காலை நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து ஏறியபோது, மகளைப் பார்த்துவிட்டு வந்தோம் என்ற நினைவே எங்களிடம் இல்லை.

இந்தத் தடவை அறைக்குத் திரும்புவதற்கு நாற்பது அடி நடந்தால் போதுமாக இருந்தது. விருந்தினர் இல்லத்துக்குப் பொறுப்பான சகோதரி ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சி போட்ட தேநீரை விறாந்தை மேசையில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுத்து வந்து, எங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து மடிக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் மனைவி மற்ற முனையைப் பிடித்துக்கொண்டாள். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ஒரு தாயும் சேர்ந்துகொண்டார். மூவரும் மடித்துக்கொண்டேயிருந்தார்கள், இடையில் மனைவி அழுதாள், அழாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு மூவேளைச் செபத்தின் மணி அடித்தபோது எழுந்து நின்றார்கள், பிறகு மீண்டும் அமர்ந்தார்கள்.

வென்னப்புவையிலிருந்து வந்திருந்த ஒரு தந்தை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மீன்பிடித் தொழில். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஏறக்குறைய ஒரே அளவு. மகள் பாடசாலைக்குப் போன சைக்கிளுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் தான் எண்ணெய் போடுவதாகவும், வீட்டில் யாரும் அதை ஓடுவதில்லை என்றும் சொன்னார். எங்கள் வீட்டிலும் மகளுடைய சைக்கிள் நிற்கிறது. நான் அதைத் தொடவேயில்லை, சில்லுகளில் காற்றும் இறங்கிவிட்டது என்று சொன்னேன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. பின்னர் சிற்றாலயத்திலிருந்து மாலைச் செபத்தின் பாட்டுக் கேட்டது. எங்கள் அறையின் யன்னல் சிற்றாலயத்தின் பக்கச் சுவரைப் பார்த்திருப்பதால், குரல்கள் அங்கிருந்து நேரே வருகின்றன. அன்று சிங்களத்தில் பாடினார்கள். ஒவ்வொரு நாளும் மொழி மாறுமாம். அத்தனை குரல்களுக்குள் மகளின் குரலை மனைவி உடனே பிரித்தெடுத்தாள். எனக்குச் சிறிது நேரம் சென்றது.

இரண்டாம் இரவும் நிற்பதற்கு இன்னொரு காரணம் திங்கட்கிழமை காலைத் திருப்பலி. ஆறேகால் மணிக்குச் சிற்றாலயத்தின் பின்வரிசைகளில் விருந்தினர் அமரலாம். நவகன்னியர் முன்னால் இருப்பார்கள். முதுகும் வெள்ளை முக்காடும் மட்டுமே தெரியும். பேச முடியாது, அவர்கள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஆனால் நாங்கள் பின்னால் இருக்கிறோம் என்பது மகளுக்குத் தெரியும். அவள் நாள்தோறும் செய்கின்ற ஒன்றை, எங்களுக்காகவென்று இல்லாமல், செய்துகொண்டிருப்பதை நாங்கள் பார்த்தோம். பார்லரில் மூன்று மணிநேரம் பேசியதைவிட இந்த நாற்பது நிமிடங்களில் அவளுடைய வாழ்க்கை எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது. சிறுவயதில் கோயிலில் புராணபடனம் கேட்டவன் நான். பெற்றோரை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரையும் போரில் இழந்து, தம்பிக்காக உயிர்தாங்கி நின்று, பின்னர் திருவதிகையில் அலகிடுவதும் மெழுகுவதும் பூத்தொடுப்பதுமாகத் தன் நாட்களைச் செலவிட்ட திலகவதியாரை நான் எத்தனையோ தடவை வணங்கியிருக்கிறேன். அந்தத் திருப்பலியின்போது, அதுவரை எனக்கு அந்நியமாகத் தோன்றியிருந்த ஒன்று சற்று அருகில் வந்தது. நான் நற்கருணை வாங்க எழுந்து செல்லவில்லை; யாரும் அதைப் பொருட்படுத்தவுமில்லை. முழங்கால் வலியோடு நிற்பதைக் கண்டு ஒரு சகோதரி எனக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தார்.

குறைகளையும் எழுத வேண்டும். அறிவித்தல்கள் எல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கின்றன. வருகின்ற பெற்றோரில் பாதிப்பேர் தமிழர் என்னும்போது, உணவு நேரத்தையும் கேற் மூடும் நேரத்தையும் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டுவது பெரிய வேலையன்று. நானே எழுதித் தருவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். மேல்மாடிக்குப் படிகள் செங்குத்தானவை; முதியவர்கள் கீழறையைக் கேட்டுப் பெறுவது நல்லது, ஆனால் கீழறைக்குச் சிற்றாலயத்தின் பாட்டு அவ்வளவாகக் கேட்காது. இரவு எட்டு மணிக்குக் கேற்றை மூடிவிடுவார்கள். சனிக்கிழமை பின்னேரம் மனைவி கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போக ஆசைப்பட்டதால் நாங்கள் அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய குறை கட்டணம். கட்டணமே இல்லை என்பதுதான் குறை. புறப்படும்போது மேசையில் ஒரு கடித உறை வைத்திருக்கிறார்கள். இயன்றதை இடுங்கள் என்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ஹற்றன் தாய் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு வைப்பது, குறைத்து வைத்தால் மகளுக்கு ஏதும் குறைவாகிவிடுமோ என்று தடுமாறி நின்றதை நான் பார்த்தேன். ஓர் இரவுக்கு இவ்வளவு செலவாகிறது, இயலாதவர்கள் ஒன்றும் தர வேண்டாம் என்று எழுதி வைத்தால் அந்தத் தடுமாற்றம் இராது. இதைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மடத்துத் தலைவியான மதரிடம் பேசுவதாகச் சொன்னார்.

கொழும்பில் வேறு அலுவல்களும் உள்ளவர்களுக்கு, கடைத்தெருவுக்குப் போய் இரவில் பிந்தித் திரும்ப வேண்டியவர்களுக்கு, இந்த இடம் ஏற்றதன்று. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் சிரமம். காலை ஐந்தேகால் மணியிலிருந்தே மணிகள் அடிக்கத் தொடங்கிவிடும். மகளை மட்டும் பார்க்க வருகிறவர்கள் தயங்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அறைகள் ஆறே ஆறுதான்.

அடுத்த சந்திப்புக்கு மேல்மாடியின் கோடி அறையை, சனி, ஞாயிறு இரண்டு இரவுகளுக்கும் கேட்டிருக்கிறோம். அப்போது பனம்பழக் காலம் முடிந்துவிடும். மனைவி பயற்றம் பணியாரம் சுடப் போகிறாளாம். பதினொரு பிள்ளைகள், மடத்துச் சகோதரிகள், சமையலறையில் நிற்பவர்கள், காவலாளி, வருகின்ற பெற்றோர் என்று எண்ணி, அறுபது வேண்டும் என்று கலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.